எந்த இலை மஞ்சள்?

(தருமபுரியில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு குவியல் இலை கிடக்கிறது. 'புதிதாக வைத்த செடி மஞ்சளாகிறதா, ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வாருங்கள்' என்று அழைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். தட்டாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். செம்பருத்தி, குண்டுமல்லி, ரோஜா, இட்லிப்பூ, ஒரு கறிவேப்பிலை. உட்காருமுன் நான் உங்களில் சிலரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "இது செடியில் எந்த இடத்து இலை?" பாதிப்பேருக்கு நினைவில்லை. கைக்கு எட்டிய இலை, கண்ணுக்குப் பட்ட இலை, அவ்வளவுதான். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். அதற்கு விடை தெரியாமல் செடிக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்பதை உங்களிடம் வற்புறுத்தவே வந்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் அரிசி குறைந்தால் யார் தட்டு முதலில் சுருங்கும்? பெரியவர்கள் தட்டு. குழந்தைக்கு இருப்பதைப் போட்டுவிட்டுத் தான் அரைவயிற்றோடு எழுந்திருப்பார்கள். தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் இவை செடிக்குள் அப்படிப்பட்ட சத்துகள். பற்றாக்குறை வந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை தன்னிடம் இருப்பதை மேலே கொழுந்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மஞ்சளாகும். அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. விளிம்பு கருகினால் சாம்பல்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் பெரும்பாலும் மக்னீசியம். மருந்துக்கடையில் பேதி உப்பு என்று விற்கிறார்களே, அது மக்னீசியம் சல்பேட்தான்.

இரும்பு அப்படியல்ல. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்த இரும்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். கீழே நூறு இலை கரும்பச்சையாக இருந்தாலும் அவற்றால் நுனிக்கொழுந்துக்கு ஒரு துளி இரும்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே இரும்பு கிடைக்காவிட்டால் முதலில் வெளுப்பது புதிதாக வரும் கொழுந்து. நரம்பெல்லாம் பச்சை நூல்போலத் தெரியும். இடையிலுள்ள சதை எலுமிச்சை மஞ்சள். நாள் போகப்போகக் காகித வெள்ளை. பிறகு ஓரம் கருகும்.

மஞ்சள் என்பது ஒரே நிறம். ஆனால் அடியிலை மஞ்சளும் கொழுந்து மஞ்சளும் இரண்டு வேறு நோய்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கொல்லும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

வீடு கட்டிக் குடிபோன ஆண்டு, சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு இட்லிப்பூச் செடி வைத்தேன். குத்துக்குத்தாகச் சிவப்பாகப் பூக்கும் என்று ஆசை. ஆறே வாரத்தில் கொழுந்து மஞ்சளானது. யூரியா தூவினேன். மஞ்சள் கூடியது. சத்துப் போதவில்லை என்று நினைத்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு கைப்பிடி டிஏபி வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஏழு செடிகள் போயின. பூ வாங்க வீட்டுக்கு வந்துபோகும் ஒரு ஆயா, பக்கத்து ஊரில் குண்டுமல்லி வைத்திருந்தவர், ஒருநாள் குந்தி உட்கார்ந்து செடியடியில் களைக்கொத்தால் நாலு கீறு கீறினார். செம்மண்ணுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக வந்தது. "ஏஞ்சாமி, சுவரு பூசுன கலவை அப்படியே கெடக்குது. அதும்மேல செடி வெச்சா அது என்னத்தத் திங்கும்?" என்றார். கொத்தனார் வேலை முடித்துச் சாந்துச் சட்டியைக் கழுவிக் கொட்டிய இடம் அது. நான் படித்தவன், அதைக் கிளறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏழு செடிகளும் இன்றும் மனதில் நிற்கின்றன.

சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்தால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். நம் மாவட்டத்து மண் ஏன் சிவப்பு? இரும்பினால். பாறை சிதைந்து மண்ணானபோது அதிலிருந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகிவிட்டது. நல்லம்பள்ளியிலும் பென்னாகரத்திலும் உழுத நிலம் மாலை வெயிலில் சிவந்து கிடக்கிறதே, அது முழுக்கத் துரு. பூமியின் மேலோட்டில் அதிகமாகக் கிடைக்கும் தனிமங்களில் இரும்பு நான்காவது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு செடி இரும்புக்காக வாடுகிறது. காரணம், துருவாகிவிட்ட இரும்பு தண்ணீரில் கரைவதில்லை. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. சிமெண்டும் சுண்ணாம்பும் ஏற்றிவிடுவது மண்ணின் கார அமிலக் குறியீட்டை. அது ஒரு எண் ஏறினால், கரைந்து நிற்கும் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகிறது. ஆறரையில் நன்றாக இருக்கும் இட்லிப்பூ எட்டில் ஏன் வெளுக்கிறது என்பது இப்போது விளங்கும்.

'செடியடியில் துருப்பிடித்த ஆணியைப் புதை' என்று நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அன்போடு சொல்லப்படும் யோசனைதான். ஆனால் ஆணியிலுள்ள துருவும் நம் செம்மண்ணும் ஒரே பொருள். துருவிலேயே நிற்கும் செடிக்கு இன்னும் ஒரு கைப்பிடி துருவைப் போட்டால் பசி ஆறாது.

வேர் சும்மா இருப்பதில்லை. மல்லி, செம்பருத்தி போன்ற செடிகளின் வேர், இரும்பு போதவில்லை என்றால் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டுத் துருவை இளக்கி உறிஞ்சும். புல்லினம் வேறு வழி வைத்திருக்கிறது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை மண்ணுக்குள் விட்டு, கவ்வியதோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். 1976இல் ஜப்பானிய அறிஞர் தக்காகி இதை எடுத்துக் காட்டினார். வட சீனத்தில் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நிலக்கடலையைத் தனியே விதைத்தால் கொழுந்து மஞ்சளாகிறது. மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக விதைத்தால் பச்சையாக நிற்கிறது. மக்காச்சோளத்தின் வேர் இளக்கியதில் கடலைக்கும் பங்கு கிடைக்கிறது. உங்கள் மல்லிப் பாத்தியில் மக்காச்சோளம் போடச் சொல்லவில்லை. வேர் தானே இந்த வேலையைச் செய்யக்கூடியது, அதற்கு நாம் இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும் என்பதற்காகச் சொன்னேன். நாம் செய்யும் பெரிய இடைஞ்சல் தண்ணீர்.

தருமபுரியில் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். நம் பிள்ளைகளின் பல்லில் காவி படிந்ததையும், ஐம்பது வயதில் முதுகு வளைந்து நிமிர முடியாமல் போனவர்களையும் இந்த மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் இந்தியத் தர அமைப்பு ஏற்கும் உச்ச வரம்பு; நம் ஆழ்துளைக் கிணறுகள் பல அதைத் தாண்டின. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கொண்டுவரப்பட்டு, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி வீட்டுக்குழாய்க்கு வந்தது. செடிக்கு? செடிக்கு இன்றும் போர்த் தண்ணீர்தான்.

ஃபுளூரைடு பாறையிலிருந்து நீரில் இறங்குவதற்கு ஏற்ற நீர் எதுவென்றால் காரத்தன்மை மிகுந்த, பைகார்பனேட் நிறைந்த நீர். இரண்டும் கூடவே வரும். பைகார்பனேட்டைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். சுடுதண்ணீர்க் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, குழாயின் வாயில் பொறுக்காகக் கட்டுகிறதே, அதுதான் சாட்சி. ஃபுளூரைடே நேராகச் சுடும் செடிகளும் உண்டு. அழகுக்கு வைக்கும் டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இவற்றின் நுனி காய்ந்து பழுப்பாவது அதனால் இருக்கலாம். ஆனால் மல்லியையும் இட்லிப்பூவையும் வெளுக்க வைப்பது பெரும்பாலும் அதன் துணையாக வரும் பைகார்பனேட். பல்லைக் கறையாக்கிய தண்ணீரே இலையையும் வெளுக்கச் செய்கிறது என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மை உள்ள நீர் நம் பக்கம் அரிதல்ல. ஒரு செடிக்கு நாள்தோறும் 10 லிட்டர் விட்டால் அன்றைக்கு 3 கிராம். ஓராண்டில் ஒரு கிலோவுக்கு மேல். செடிக்கு நீர் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதோடு நிற்கவில்லை. வேர் அமிலம் சுரந்து இரும்பை உறிஞ்ச அதற்கு மூச்சு வேண்டும். மண்ணின் கண்களெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால் காற்று நுழையாது. வேர் விடும் கரிக்காற்று வெளியேற வழியில்லாமல் அதே நீரில் கரைந்து இன்னும் பைகார்பனேட் ஆகிறது. சுண்ணாம்பு மண்ணில் சொதசொதவென்று நின்றால் இரும்பு வெளுப்பு இரட்டிப்பாகும். புதுச்செடி என்று நாம் செய்யும் முதல் காரியம் என்ன? தினம் இரண்டு வேளை தண்ணீர். கொழுந்து மஞ்சளான புதுச்செடிகளில், மருந்து எதுவும் இல்லாமல், தண்ணீரைப் பாதியாகக் குறைத்ததிலேயே பச்சை திரும்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேல்மண் காய்ந்தது போல இருக்கும், நம்பாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இன்னொன்று, நம் சரளை மண். கடப்பாரை போட்டுத்தான் குழி எடுக்க முடியும் என்றால், அந்தக் குழி ஒரு கல்தொட்டிதான். அதில் நல்ல மண் நிரப்பிச் செடி வைத்தால் விட்ட தண்ணீர் பக்கவாட்டில் எங்கும் போகாது. செடி வைக்கும் முன்பே குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் நின்றால் அந்த இடம் உதவாது. ஒரு முழம் மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். தோட்டத்தில் வெள்ளைக் கட்டிகள் கிடைக்கின்றனவா? அது சுக்கான். சந்தேகமாக இருந்தால் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். கழிவறை கழுவும் அமிலத்திலேயே ஒரு சொட்டு போதும். கையில் படாமல், குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். சுவர் பூச்சுக் கலவையும் இதேபோலப் பொங்கும். அன்றைக்கே இந்தச் சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் என் வீட்டு இட்லிப்பூ பிழைத்திருக்கும்.

இப்போது மருந்து. நம் நாட்டு மருந்துக்கடைகளில் அன்னபேதி என்று ஒரு பொருள் உண்டு. வெளிறிய பச்சை நிறப் படிகம். வேதியியலில் இரும்பு சல்பேட். சித்த மருத்துவத்தில் இதைச் செந்தூரமாக்கிச் சோகைக்குக் கொடுப்பார்கள். பாண்டு என்றும் அந்த நோய்க்குப் பெயர். இரத்தத்தில் இரும்பு குறைந்து முகம் வெளுத்தவர்களுக்கு அன்னபேதி. இலையில் இரும்பு குறைந்து வெளுத்த செடிக்கும் அதே அன்னபேதி. தமிழில் தாவர நூல் எழுதியவர்கள் இலை வெளுப்பைப் பச்சைச்சோகை என்று எழுதினார்களே, எவ்வளவு பொருத்தமான சொல்! ஐரோப்பாவிலும் இளம்பெண்களின் இரத்தச் சோகைக்கும் இலை வெளுப்புக்கும் ஒரே பெயர்தான் வழங்கியது. 1840களில் கிரி என்ற பிரெஞ்சுக்காரர், வெளுத்த செடிக்கு இரும்பு உப்பைக் கொடுத்தால் பச்சை திரும்புகிறது என்று காட்டினார். அதில் ஒரு விந்தை உண்டு. பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். இரும்பு அதில் இல்லவே இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் இலையால் பச்சையத்தைச் செய்ய முடியாது. சமையலில் அடுப்பு மாதிரி. சோற்றில் அடுப்பு இருக்காது. அடுப்பில்லாமல் சோறும் இருக்காது.

கிரி செய்ததை நீங்களும் வீட்டில் செய்யலாம். உரம் வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு டம்ளர் நல்ல தண்ணீர், மழைநீர் இருந்தால் மிக நல்லது. அதில் ஒரு சிட்டிகை அன்னபேதி. வெளுத்த கொழுந்திலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நடுநரம்புக்கு ஒரு பக்கம் மட்டும், ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி மாலையில் தடவுங்கள். அந்த இலைக்கு ஒரு நூல் கட்டிவையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். தடவிய பக்கம் பச்சையாகி மறுபக்கம் மஞ்சளாகவே நின்றால் இரும்புக் குறை என்று உறுதி. இரண்டு பக்கமும் மாறவில்லை என்றால் இரும்புக் குறை இல்லை; வேறு எதையோ தேட வேண்டும். ஆய்வகம், கட்டணம், சீட்டு எதுவும் வேண்டாம். என் முப்பது ஆண்டுத் தோட்ட வேலையில் இதைவிட நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை.

உறுதியானபின் தெளிப்பு. குண்டுமல்லிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, வெளுப்பு மறையும்வரை மாதம் ஒருமுறை. வைத்துச் சில வாரமே ஆன செடிக்கு நான் அதில் பாதியளவில் தொடங்குவேன். கொழுந்து கருகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டுவேன். நம் போர்த் தண்ணீரில் நேராகக் கரைத்தால் சற்று நேரத்தில் காவி நிறமாகிவிடும். காவியானால் அது மறுபடி துரு, தெளித்துப் பயனில்லை. அதனால் முதலில் லிட்டருக்கு ஒரு கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், அதைக் கரைத்துவிட்டுப் பிறகு அன்னபேதியைப் போடுங்கள். கரைத்த அன்றே தெளித்துவிடுங்கள். வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். சுவரிலும் தரைக்கல்லிலும் படவிடாதீர்கள், கறை போகாது. கடையில் வாங்கும்போதே பொடி பழுப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீலநிறப் படிகத்தைக் கொடுத்தால் அது மயில்துத்தம், செம்பு உப்பு, இந்த அளவில் தெளித்தால் கொழுந்தையே சுட்டுவிடும்.

தெளிப்பு என்பது பசிக்கு அப்போதைக்கு ஒரு கவளம். அடுத்து வரும் கொழுந்துக்கு அது போகாது. இரும்பு இடம் மாறாது என்று சொன்னேன் அல்லவா. வேருக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். வெறும் அன்னபேதியைக் கார மண்ணில் கொட்டினால் சில நாளில் அதுவும் துரு. நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து சில நாள் மூடிவைத்துப் பிறகு போட்டால் உரத்திலுள்ள மக்குப்பொருள் இரும்பைப் பிடித்துவைத்து மெல்ல விடும். கடையில் இரும்பு செலேட் கேட்டால் பெரும்பாலும் இடிடிஏ என்று எழுதியதைத் தருவார்கள். அது இலைவழித் தெளிப்புக்குச் சரி. கார மண்ணில் நிலைக்காது. மண்ணில் ஊற்றுவதற்கு இடிடிஎச்ஏ என்று எழுதியது வேண்டும். கருஞ்சிவப்பாக இருக்கும், விலை கூடுதல். பத்துச் செடிக்குள் என்றால் வாங்கலாம். ஒரு தோப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

எலுமிச்சைச் சாறு, புளித்த மோர், கந்தகம் இவற்றால் மண்ணின் காரத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஓரடி ஆழத்து மண் ஏறத்தாழ 400 கிலோ. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்றால் 20 கிலோ. அதைக் கரைத்து முடிக்க ஆறு கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். எத்தனை படி மோர் வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சுக்கான் இல்லாத வெறும் செம்மண்ணில் கொஞ்சம் கந்தகமும், யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட்டும் சில மாதங்களில் உதவும். சுக்கான் மண்ணில் உதவாது. டிஏபியைப் புதுச்செடிக்குக் கைப்பிடியாக வைக்காதீர்கள். மணிச்சத்து மிகுந்தால் இரும்பு இன்னும் எட்டாமல் போகும். என் இட்லிப்பூவைக் கொன்றதில் அதற்கும் பங்குண்டு.

மல்லி இலை மஞ்சளாவதற்கு முக்கியமாக மூன்று காரணம் உண்டு. இரும்புக் குறை ஒன்று. சிலந்திப்பேன் ஒன்று: வெள்ளைத்தாளின்மேல் கிளையைத் தட்டினால் பொட்டுப்பொட்டாக நகரும், நனையும் கந்தகம் லிட்டருக்கு இரண்டு கிராம். மூன்றாவது வேர்: அழுகலோ நூற்புழுவோ. இந்த மூன்றாவதுதான் புதுச்செடிக்கு முக்கியம். செடியை மண்கட்டியோடு ஒருபுறம் தோண்டிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்து, சேற்று நாற்றம் அடித்தால் தண்ணீர் கொன்றது. வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அது நாற்றங்கால் மண்ணோடு வந்திருக்கும். அந்தச் செடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சில மாதம் செண்டுமல்லி போடுங்கள்.

நாற்றங்காலிலிருந்து வரும் செடியின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிழல்வலைக்கு அடியில், நாள்தோறும் கரைசல் உரம் குடித்து, கருப்புப் பையில் வளர்ந்தது. லாரியில் ஏறி இரண்டு மூன்று நாள். இறங்கிய மறுநாள் நம் மொட்டை வெயில். பழைய இலைகள் நாலைந்து மஞ்சளாகி உதிர்ந்தால் அது நோயே இல்லை; புதிய வேர் பிடிக்கும்வரை செடி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நகத்தால் தண்டைக் கீறுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் மூன்று வாரம் பேசாமல் இருங்கள். உரம் வேண்டாம். தென்னங்கீற்றுச் செருகி மேற்கு வெயிலை மறைத்தால் போதும்.

ஆனால் வைக்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சில செடிகள் களிமண் உருண்டையில் வரும். நம் சரளைச் செம்மண்ணில் அப்படியே வைத்தால், விடும் தண்ணீர் சுற்றிலுமுள்ள தளர்ந்த மண்ணில் இறங்கிப் போய்விடும். உருண்டைக்குள் வேர் வறண்டு கிடக்கும். சுற்றிலும் ஈரம், நடுவில் பாலை. உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஓரங்களை மெல்லக் கரைத்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு வையுங்கள். பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். கழுத்தைப் புதைக்காதீர்கள். பச்சைச் சாணம், புதுக் கோழி எரு, மக்காத தென்னை நார்க்கழிவு இவை குழிக்கு ஆகாது. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரி நூறு பங்குக்கும் மேல். அதைச் செரிக்க வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் தின்றுவிடும், அடியிலை மஞ்சளாகும். இந்த மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் யூரியா கொடுக்கலாம். மற்றபடி யூரியா பையைப் பூட்டிவையுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது? மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. குழாய் இறங்கியிருக்கிறது, நீர் மண்ணுக்குள் போகிறது. அதில் ஒரு கிளையை ஒரு பீப்பாய்க்குத் திருப்புங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர். எல்லாச் செடிக்கும் போதாது, போத வேண்டியதுமில்லை. இட்லிப்பூ, மல்லி, கனகாம்பரம் என்று வெளுக்கும் குணமுள்ள நாலைந்துக்கு மட்டும் வாரம் ஒருமுறை. குளிர்சாதனப் பெட்டி சொட்டும் நீரும் சுண்ணாம்பில்லாத நீர்தான். வடிகட்டி எந்திரம் வெளியேற்றும் கழிவு நீர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உப்பைக் கூட்டி வைத்த நீர்.

செடியைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசியுங்கள். இட்லிப்பூவின் பழைய பெயர் வெட்சி. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ. மீட்கப் போனவர்கள் சூடியது கரந்தை. அந்தப் பூசல்களில் விழுந்தவர்களுக்கு எடுத்த நடுகற்கள் நம் மாவட்டம் முழுக்க நிற்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். அவ்வளவு பழைய உறவுள்ள செடியை வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வெட்சி அமில மண்ணை விரும்புவது. சிமெண்டுச் சுவர் ஓரத்தில் அதை நிற்கவைப்பது கொடுமை. சுவரிலிருந்து நாலடி தள்ளி, மேடு கட்டி, மக்கிய உரம் நிறையப் போட்டு, மழைநீர் விட்டு வையுங்கள். அல்லது தொட்டியில் வையுங்கள். சுவரோரத்துக்குக் காகிதப்பூ வையுங்கள், நொச்சி வையுங்கள். ஆவாரையைச் சாலையோரத்துச் செடி என்று ஒதுக்காதீர்கள். நம் சுக்கான் மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பொன்னாகப் பூப்பது அதுதான். அரளியும் தாங்கும், ஆனால் முழுச்செடியும் விஷம். ஆடுமாடும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னும் சந்தேகம் தீராதவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மண்ணை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஒரு பாட்டில் போர்த் தண்ணீரும் எடுத்துப் போங்கள். எந்த இலை, செடி வைத்து எத்தனை வாரம், நாளைக்கு எத்தனை லிட்டர், சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி விடை அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

சரி, இலை கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள். அடியிலை இடப்பக்கம், கொழுந்து வலப்பக்கம். நினைவில்லாதவர்களுடையது நடுவில் இருக்கட்டும். அம்மா, அந்த இட்லிப்பூ உங்களுடையதா? கொழுந்தா? வீட்டுக்கு எப்போது வெள்ளையடித்தீர்கள்?